மிஸ்டர் மாப்பிள்ளையின் ரூம்

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவள் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள், இப்போது அதே உள்ளக வடிவமைப்புத் துறையில் விரிவுரையாளர். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குச் சுயதெரிவுத் திட்டம் தொடங்கப் போகிறதாம்.

"மிஸ், தலைப்ப எப்பிடித் தெரிவுசெய்யிறதெண்டு ஒரு பக்கம் எழுதித் தாங்க. இப்ப பிள்ளைகள் கொம்பியூட்டரிட்டச் சொல்லி நிமிசத்தில படம் எடுத்துக்கொண்டு வருதுகள். எல்லாம் வடிவான ரூம். ஆனா ஒரு ரூமிலயும் ஒரு ஆள் இல்ல மிஸ்," என்றாள்.

ஒரு பக்கம்தான் கேட்டாள். ஓய்வுபெற்றவர்களிடம் ஒரு பக்கம் கேட்பது எவ்வளவு ஆபத்தென்று அவளுக்கு இன்னும் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஒரு கேட்டின் சீலை தெரிவுசெய்யவே ஒரு மாசம் எடுக்கிற ஆள் நீர். பாவம் அந்தப் பிள்ளை," என்றார். அவரைப்பற்றிப் பிறகு வருகிறேன். இந்தக் கதையில் அவருக்கும் ஒரு கதிரை இருக்கிறது.

நான் படித்த காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். என் ஊரான கற்பிட்டியில் என் படிப்பை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. "வீடு கட்டுற படிப்பா மகள்?" என்பார்கள். இல்லை, கட்டின வீட்டுக்கு உள்ளே என்பேன். "அப்ப கேட்டின் தைக்கிறதா?" என்பார்கள். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். கலியாண வீடுகளுக்குத் திரைச்சீலை தெரிவுசெய்ய ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள், போய்த் தெரிவுசெய்து கொடுத்தேன். அந்நாட்களில் கற்பிட்டியில் பாதி வீடுகளின் நிறத்துக்கு நான்தான் பொறுப்பு. மற்றப் பாதிக்குப் புடவைக்கடை முதலாளி பொறுப்பு.

பிறகு தெற்கே போய்ப் படிப்பிக்கத் தொடங்கினேன், ஓய்வுபெறும்வரை அதே வேலைதான். அதில் எனக்கு மிகப் பிடித்ததும் மிகத் தலையிடி தந்ததும் இந்தச் சுயதெரிவுத் திட்டம்.

முதல் மூன்று ஆண்டுகளும் எல்லாவற்றையும் நாங்களே சொல்லிவிடுவோம். இதுதான் இடம், இவர்தான் அங்கே வசித்துப் பாவிக்கப் போகிறவர், இதுதான் தேவை, போய்ப் படம் கீறு என்போம். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு கீறுவார்கள். இறுதியாண்டில், "இனி உங்கள் விருப்பம். இடத்தையும் நீங்களே பாருங்கள், ஆளையும் நீங்களே பிடியுங்கள்," என்போம். அன்றோடு முணுமுணுப்பு நின்று அழுகை தொடங்கும். விருப்பமானதைச் செய் என்று சொன்னால் மனிதர் எப்படித் திண்டாடுவார் என்பதை நான் வருடாவருடம் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனைகள் அதிகமில்லை. இடம் நிசமான இடமாக இருக்க வேண்டும், நாடாவைக் கொண்டுபோய் அளந்து வர வேண்டும். பாவிக்கப் போகிறவர் நிசமான ஆளாக இருக்க வேண்டும், அவரிடம் நேரில் கேள்வி கேட்டு ஒப்பம் வாங்கி வர வேண்டும். மூன்றாவது ஒன்று உண்டு, அது எங்கள் துறைத்தலைவரின் கண்டுபிடிப்பு.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் பெரும்பாலானவர்கள் ஹோட்டல்தான் கீறுவார்கள். அதிலும் நான் கற்பிட்டி என்று தெரிந்ததும், கடற்காற்றில் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரருக்குக் கற்பிட்டியில் ஹோட்டல் கட்டினால் மிஸ் மயங்கிவிடுவார் என்று நினைப்பார்கள். என் மாணவர்கள் கீறிய ஹோட்டல்களை எல்லாம் கட்டியிருந்தால் எங்கள் ஊரில் மீன் காயப்போட ஒரு சாண் நிலம் மிஞ்சியிருக்காது.

மாத்தளையிலிருந்து வந்த ஒரு பையன் கற்பிட்டியோடு நிற்காமல், களப்பைத் தாண்டி உச்சமுனைத் தீவுக்கே போய்விட்டான். போனது படத்தில்தான். நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்த விடுதி. இடத்தை அளந்தாயா என்று கேட்டேன். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி அளந்தானாம். கச்சான் காற்று வீசும் காலம் பார்த்து அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். கரை சேரும்போது இருவரும் தோய்த்த துணிபோல இருந்தோம். அவன் போனை எடுத்துப் படம் பிடிக்கிறான், துடைக்கிறான், பிடிக்கிறான், துடைக்கிறான்.

"படம் எடுக்கேலாம இரிக்கு மிஸ். உப்புப் பட்டுக் கண்ணாடி மங்குது."

"ஓம் மகன், மங்கும்," என்றேன்.

திரும்பி வரும் வழி முழுக்க அவன் போனைத் துடைத்துக்கொண்டே வந்தான். அடுத்த கிழமை சுவரெல்லாம் பலகையாகிவிட்டது.

இனித் துறைத்தலைவர். பெர்னாண்டோ சேர் சிலாபத்துக்காரர். சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் கதைப்பார், மூன்றிலும் சிலாபம் மணக்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரைக் கண்டு பிள்ளைகள் நடுங்கியது அவர் சட்டைப்பையில் இருந்த தகர டப்பிக்காக. இருமல் இனிப்பு வந்த டப்பி அது. அதற்குள் தடித்த கடதாசியில் வெட்டிய மனிதர்கள் இருந்தார்கள். விரல் நீளத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒரு கிழவர், தவழும் பிள்ளை, வயிறு பெருத்த ஒருவர். பிள்ளைகள் செய்யும் சின்ன மாதிரி வீடுகளின் அளவுக்குச் சரியாக அவரே கத்தரித்தவை.

பிள்ளை தன் மாதிரியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஒளி, காற்று, உணர்வு என்று பெரிய பெரிய சொற்களால் விளக்கும். சேர் தலையாட்டிக்கொண்டே டப்பியைத் திறப்பார். ஒரு ஆளை எடுத்து வாசலில் நிறுத்துவார். பென்சில் நுனியால் மெதுவாகத் தள்ளுவார்.

"சரி. இவர் வீட்டுக்கு வாறது. செருப்பு எங்க கழட்டுறது? கைய எங்க கழுவுறது? இப்ப இவருக்குக் கோபம். எங்க போய் இருக்கிறது?"

அழகான எத்தனையோ வீடுகள் அந்தப் பென்சில் நுனியில் சரிந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தவர் இருக்க இடமில்லாத வீடுகள்தான் அநேகம்.

அந்த மூன்றாவது நிபந்தனையும் இவருடையதுதான். ஒவ்வொரு வீட்டுப் படத்தையும் இரண்டு தரம் கீற வேண்டும். ஒன்று பகல் படம், மற்றது இரவுப் படம். இரவுப் படத்தில் கதிரை, மேசை எதுவும் முக்கியமில்லை. யார் எங்கே படுக்கிறார், தலை எந்தப் பக்கம், எழும்பினால் எந்த வழியால் போவார் என்பதைக் கீறினால் போதும். பிள்ளைகள் அதைப் பகிடியாக எடுத்தார்கள். எப்படியும் கடைசி நாளில் அவசரமாகக் கீறி ஒட்டுவார்கள்.

இந்த நிலையில்தான் ரிஸ்மியா வந்தாள். மதுரங்குளிப் பிள்ளை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து சிறுவர்களாக முகாமுக்கு வந்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே மகள். வாப்பாவுக்குச் சந்தியில் தேநீர்க்கடை. அவளுக்கு நான்தான் மேற்பார்வையாளர். மற்றவர்கள் ஹோட்டல், கஃபே, நூலகம் என்று வந்தபோது இவள் தன் வீட்டு மாப்பிள்ளை ரூமைத் தலைப்பாகக் கொண்டு வந்தாள்.

வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அவர் வருமுன்னே அவருக்கு ரூம் வர வேண்டும். வீட்டிலேயே நல்ல ரூம், நல்ல கட்டில், நல்ல காற்று எல்லாம் அதற்குத்தான். வந்தவர் பேரப்பிள்ளை கண்டாலும் ஊருக்கு மாப்பிள்ளைதான். என் கணவருக்கு எழுபது வயது. இன்றும் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளை.

"ஏன் பிள்ள இந்தத் தலைப்பு?" என்று கேட்டேன்.

"எப்பிடியும் கட்டத்தானே போறாங்க மிஸ். பாஸ் வந்து பின்னுக்கு அத்திவாரமும் வெட்டியாச்சு. நான் கீறாட்டி பாஸ்தான் கீறுவார்."

பாஸ் என்றால் மேசன். அவர் எப்படிக் கீறுவார் என்று எனக்கும் தெரியும். காலால் மண்ணில் கீறுவார். சம்மதித்தேன்.

தலைப்புகளை ஏற்கும் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு வெளிப் பரீட்சகர் வருவார். பெரிய பெரிய ஹோட்டல்களை அலங்கரித்தவர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. ரிஸ்மியா தன் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். பாவனையாளர் யார் என்ற இடத்தில் ஒரு சொல்தான் அவளுக்குச் சிக்கலாக இருந்திருக்கிறது. கணவர் என்று எழுத வெட்கம். மருமகன் என்றால் அது வாப்பாவின் சொந்தம். மணமகன் என்றால் ஒருநாள் சங்கதி. ஆகவே ஆங்கில எழுத்தில் 'மாப்பிள்ளை' என்றே எழுதிவிட்டாள். முதல் எழுத்தைப் பெரிதாகவும் போட்டிருந்தாள்.

பரீட்சகர் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டார். "இந்த மிஸ்டர் மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?"

"இன்னும் தெரியாது சேர்," என்றாள் ரிஸ்மியா.

"உயரம்? கட்டிலின் நீளத்துக்காகக் கேட்கிறேன்."

"உயரமான ஆளாப் பாப்பம் எண்டு வாப்பா சொன்னவர், சேர்."

அதையும் அவர் குறித்துக்கொண்டார். "நல்லது. எப்போது மிஸ்டர் மாப்பிள்ளையைச் சந்தித்துக் கேள்விகள் கேட்கப் போகிறீர்கள்?"

"நான் பாஸாகின பிறகுதான் சேர் அவரைத் தேடுவாங்க."

"தேடுவார்களா?" அவர் பேனையை வைத்துவிட்டார். "ஏன், காணாமற் போய்விட்டாரா?"

பெர்னாண்டோ சேருக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். சிலாபத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் திடீரென்று இருமத் தொடங்கி, தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார். விளங்கப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. பரீட்சகர் கேட்டார், நெடுநேரம் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னதுதான் சிரிப்பாக இல்லை. இல்லாத ஆளுக்கு ரூம் கட்டுவது உங்கள் ஊர் வழக்கமாக இருக்கலாம், ஆனால் இல்லாத ஆளிடம் ஒப்பம் வாங்க முடியாது, ஆகவே இந்தத் தலைப்பை ஏற்க முடியாது என்றார். சேர் உள்ளே வந்து பேசி இரண்டு கிழமை தவணை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் நிசமான ஒரு பாவனையாளரைக் கொண்டுவர வேண்டும்.

ரிஸ்மியா என் அறைக்கு வந்து கதவடியில் நின்றாள். தலைப்பு மாற்றும் நாள் அப்போதே முடிந்திருந்தது. இது தட்டிப்போனால் அடுத்த வருடம்தான்.

"எனக்கு அடுத்த வருசம் இல்ல மிஸ். படிப்பு முடியிற இந்த வருசம் மட்டும் கலியாணக் கதை எடுக்கமாட்டன் எண்டு வாப்பா வாக்குத் தந்தவர். இந்த வருசத்தோட அந்த வாக்கு முடிஞ்சிரும். நான் திரும்பி வரமாட்டன்."

அழாமல் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சேர் எங்களைக் கூப்பிட்டார். "மாதிரியக் கொண்டு வாங்க. இரவுப் படம் ரெண்டும் கொண்டு வாங்க. இப்ப உள்ள இரவு, மாப்பிள்ள வந்த இரவு."

மறுநாள் கொண்டுவந்தாள். சின்ன வீடு. முன்னால் ஹோல், பக்கத்தில் ஒரேயொரு ரூம், பின்னால் சமைக்கும் குசினி. இப்போதைய இரவுப் படத்தில் உம்மாவும் மகளும் ரூமுக்குள், வாப்பா ஹோலில். வரப்போகும் படத்தில் ரூமின் பின்சுவரை இடித்து, பாஸ் வெட்டிய அத்திவாரம்வரை நீட்டி, இரண்டு மடங்கு பெரிதாக்கியிருந்தாள். சுவர் நீளத்துக்கு அலுமாரி, சாய்கதிரை, யன்னலோரம் வாசிக்கும் இடம். கைத்திறனுள்ள பிள்ளை, எல்லாம் அருமையாக இருந்தது. ஹோலில் தொலைக்காட்சிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இரண்டு நீள்சதுரங்கள் போட்டு, உம்மா, வாப்பா என்று எழுதியிருந்தாள். முன்கதவு உம்மாவின் தலைமாட்டில் திறந்தது.

சேர் டப்பியைத் திறந்தார். ஆண் உருவை எடுத்துப் பெரிய கட்டிலில் படுக்க வைத்தார். பெண் உருவை ஹோலில் அந்த நீள்சதுரத்தில் படுக்க வைத்தார்.

"மிஸ்டர் மாப்பிள்ள," என்றார். நாங்கள் சிரித்தோம். "காலம சுபஹுக்குப் பாங்கு சொல்றது. இவர் எழும்புறது. பள்ளிக்குப் போறது." பென்சிலால் கடதாசி மனிதனைத் தள்ளினார். ரூம் கதவைத் தாண்டி ஹோலுக்குள் கொண்டுவந்தார். அங்கே பென்சில் நின்றுவிட்டது. முன்னால் மாமி படுத்திருந்தார்.

"இப்ப இவர் காலை எங்க வைக்கிறது?"

மாப்பிள்ளை முன்னால் தலையில் சீலை போடாமல் மாமி நிற்கக்கூட மாட்டார். மாப்பிள்ளை ஹோலில் இருந்தால் குசினிக்குள் நின்றபடிதான் பேசுவார். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளை எழும்புமுன் எழும்பி, பாயைச் சுருட்டி, அவர் படுத்தபின் திரும்ப விரிக்க வேண்டும். அவருக்கு உயிருள்ளவரை அதுதான் இரவு. இந்தப் பக்கத்து ஆட்களான எனக்கும் ரிஸ்மியாவுக்கும் இது தெரியாததா? தெரிந்த சங்கதி என்பதால்தான் அந்தப் பிள்ளையின் கை யோசிக்காமல் கீறியிருந்தது.

"இந்த மனிசியோட நீங்க கதைச்சதா?" என்று சேர் பெண் உருவைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல சேர்."

"வராத ஆளுக்காகக் கேள்வி நாலு தாள் எழுதினது. இருக்கிற ஆள்கிட்ட ஒண்டும் கேக்கல்ல." டப்பியை மூடினார். "போய்க் கேளுங்க. ஒப்பமும் எடுங்க."

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும் வழியில் நானும் அவளோடு மதுரங்குளியில் இறங்கினேன். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து, மாப்பிள்ளை ரூமை எனக்குக் காற்றில் கட்டிக் காட்டினார். இங்கே கட்டில், அங்கே ஏசி. மாப்பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டியபோது அவர் கை கதவு நிலைக்கு மேலே போய்விட்டது.

உம்மாவைக் கூப்பிட்டு இருத்தி ரிஸ்மியா கேள்வித்தாளை விரித்தாள். பாவம், அந்தத் தாய்க்குச் சிரிப்பு.

"என்னட்ட என்னத்தக் கேக்கிற? மாப்பிள்ளைக்கு எது நல்லமோ அதச் செய்யுங்க."

"உங்களுக்கு என்ன வேணும் உம்மா?"

"எனக்கு என்னத்துக்கு? நாங்க ரெண்டு பேரும் ஹோல்ல ஒரு மூலையில சுருண்டுக்குவம்."

இப்படியே அரைமணி நேரம் போனது. எந்தக் கேள்விக்கும் அவர் மற்றவர்களுக்காகத்தான் பதில் சொன்னார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே, இந்தத் திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். கடைசியில் ரிஸ்மியா தாளை மடித்துவிட்டுச் சும்மா கேட்டாள், "இந்த வீட்டில உங்களுக்கு ஆக விருப்பமான சாமான் எது உம்மா?"

உம்மா கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கொண்டி," என்றார்.

ரூம் கதவை உள்ளே இருந்து தாழிடும் கொண்டியைத்தான் சொன்னார். வாப்பாவே திரும்பிப் பார்த்தார்.

"முகாமில ஓலைக் கிடுகுதானே டீச்சர். வாசலுக்கு ஒரு சீலத் துண்டு. குளிச்சிட்டு உடுப்பு மாத்தினாலும் ஆராவது பிடிச்சிக்கொண்டு நிக்கணும். கலியாணம் முடிச்சும் கன நாள் அப்பிடித்தான். இந்த வீட்டக் கட்டித்தான் எனக்கொரு கதவு வந்த. லுஹர் தொழுதிட்டு உள்ளுக்கால கொண்டியப் போட்டுட்டு இரிப்பன்."

"உள்ள என்ன செய்வீங்க உம்மா?"

"ஒண்டுமில்ல. சும்மா இரிப்பன்."

ரிஸ்மியா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். முகம் கழுவி வந்து தாளில் பாவனையாளர் பெயரை வெட்டிவிட்டு உம்மாவின் பெயரை எழுதி ஒப்பம் வாங்கினாள்.

அடுத்த கிழமையே படம் மாறிவிட்டது. பழைய சுவரை இடிக்கவில்லை. பாஸ் வெட்டிய அத்திவாரத்தின் மேலேயே உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஒரு ஒடுங்கின ரூம், குசினிப் பக்கம் கதவு, கதவுக்கு உள்ளே கொண்டி. பழைய ரூம் அதே அளவில் மாப்பிள்ளைக்கு. பக்கச் சுவரிலிருந்த யன்னல் கதவாகிவிட்டது. சுபஹுக்குப் போகிறவர் யாரையும் தாண்டாமல் நேரே முற்றத்தில் இறங்கலாம். அலுமாரி சுவருக்குள் போனது. சாய்கதிரை போயே போய்விட்டது.

வாப்பாவுக்கு இது சரிவரவில்லை. மகளிடம் கதைக்காமல் என்னிடம் முறையிட்டார். "டீச்சர், மாப்பிள்ளைக்குப் பழைய ரூம், எங்களுக்குப் புது ரூமா? ஊர் என்ன செல்லும்? இந்த ரூமப் பார்த்தா எந்த மாப்பிள்ள வருவான்?"

குசினிக்குள்ளிருந்துதான் பதில் வந்தது.

"வாறவன் எங்கட புள்ளயக் கலியாணம் முடிக்க வாறானா, ரூமக் கலியாணம் முடிக்க வாறானா?"

வாப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த ஒடுங்கின ரூமில் தன் ரேடியோ வைக்க ஒரு தட்டு வேண்டும் என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

தவணை முடியும் நாளில் உம்மாவின் ஒப்பத்தோடு தலைப்பு ஏற்கப்பட்டது. வருட முடிவில் நடுவர் கூட்டம். அதே பரீட்சகர் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். "மிஸ்டர் மாப்பிள்ளை கிடைத்துவிட்டாரா?"

"இல்ல சேர். இது அவருடைய ரூம் இல்ல. என்னுடைய பாவனையாளர் அவருடைய மாமி," என்றாள்.

சுவரில் படங்கள் வரிசையாக இருந்தன. கடைசித் தாளில் ஒரு கதவுக் கொண்டி மட்டும், நிச அளவில், ஒவ்வொரு ஆணியும் தெரியக் கீறப்பட்டிருந்தது. பரீட்சகர் அதன் முன்னால் போய் நின்றார். இது ஏன் இவ்வளவு பெரிதாக என்று கேட்டார். ரிஸ்மியா முகாமிலிருந்து தொடங்கினாள். மூன்று வசனத்தில் முடித்துவிட்டாள். அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார், புள்ளித்தாளை எடுத்தார்.

பெர்னாண்டோ சேர் டப்பியைத் திறந்தார். பெண் உருவை எடுத்து ஒடுங்கின ரூமுக்குள் படுக்க வைத்தார். மாதிரியின் சின்னக் கதவை விரல் நுனியால் சாத்தினார். பென்சிலை எடுக்கவே இல்லை. டப்பியை மூடிப் பையில் போடும்போது கடதாசி மனுஷி அந்த ரூமுக்குள்ளேயே இருந்தாள். அவர் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. ரிஸ்மியா நல்ல புள்ளியோடு சித்தியடைந்தாள்.

இதை எழுதத் தொடங்கியபோது அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சிலாபத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல் மதுரங்குளியில் இறங்கினோம். என் கணவரும் கூட வந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறில் ஒரு பையோடு வந்தவர். அந்தப் பையை வைக்க என் வாப்பா எங்கள் வீட்டின் ஒரே ரூமைக் கொடுத்தார். வந்தவர் நல்ல மனிதர், கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் உம்மா கண்மூடி மௌத்தாகும்வரை ஹோலில் பாயில்தான் படுத்தார். ஊரெல்லாம் திரைச்சீலை தெரிவுசெய்து கொடுத்த மகள் அவருக்கு இருந்தாள், ஒரு கதவு இருக்கவில்லை.

மதுரங்குளி வீட்டுக் கதவைத் திறந்தது மாப்பிள்ளை. மிஸ்டர் மாப்பிள்ளையை அன்றுதான் நேரில் கண்டேன். வாப்பா காற்றில் காட்டிய உயரத்தில் அரைவாசிக்குக் கொஞ்சம் கூட. சிரித்த முகம், பாலாவிச் சந்தியில் கடை. ரிஸ்மியா வேலைக்குப் போயிருந்தாள். கொழும்பு நிறுவனமொன்றுக்குப் புத்தளத்திலிருந்தே கீறிக் கொடுக்கிறாளாம்.

"இரிங்க டீச்சர். மாமி உள்ளுக்கு. கொண்டி போட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "கொண்டி போட்டா ஆரும் தட்டக்கூடாது. இந்த வீட்டுச் சட்டம்."

நாங்கள் இருந்தோம். ஊருக்கெல்லாம் தேநீர் ஊற்றியும் வீட்டில் கோப்பையைத் தொட்டறியாத வாப்பா, குசினிக்குள் போய்ச் சீனி டப்பியைத் தேடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்துபோய்ச் சீனி இருக்கும் இடத்தைக் காட்டினார். தேநீர் வந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு மாமனாரும் ஹோலில் வரிசையாக இருந்து, குசினி வாசலூடாகத் தெரிந்த, சாத்தியிருந்த ஒரு கதவைப் பார்த்தபடி அதைக் குடித்தார்கள். என் கணவர் அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தார். "நல்ல கதவு," என்று மட்டும் சொன்னார். அவரைக் கிண்டல் பண்ண எனக்கு அன்று மனம் வரவில்லை.

கோப்பைகள் காலியான பிறகு கொண்டி விழும் சத்தம் கேட்டது. உம்மா சீலையைத் தலையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் பதறிப்போனார்.

"அல்லாவே, டீச்சர்! எப்ப வந்த? கதவத் தட்டியிருக்கலாமே."

"பரவாயில்ல. உள்ள ஏதாவது வேலையா இருந்தீங்களா?"

"வேலையா? ஒரு வேலையுமில்ல டீச்சர்," என்றார். "சும்மா இருந்தன்."